நிலைப்படியை அளந்த பிறகு சக்கரம் வாங்குங்கள்

முதுகுத் தண்டுவடக் காயத்துக்கோ கால் நீக்க அறுவைக்கோ பின் வீடு திரும்புவோரில் பலர் சக்கர நாற்காலியுடன் திரும்புகின்றனர். மருத்துவமனையின் அகன்ற தாழ்வாரங்களில் தடையின்றி ஓடிய அந்த நாற்காலி, வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. கதவு குறுகலாக இருக்கும், நிலைப்படி உயர்ந்திருக்கும், சமையலறையில் அது திரும்ப இடம் இராது. இவற்றைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. நம் பகுதியின் பல வீடுகளில் வாழ்க்கை தரைமட்டத்தில்தான் நடக்கிறது. காய் நறுக்குவது தரையில், உண்பது தரையில், குடியாத்தம் பக்கத்து வீடுகளில் பீடி சுற்றுவது தரையில், ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் காலணியின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்கள் அமர்ந்திருப்பதும் தரையில். நாற்காலியில் இருப்பவர் இவை அனைத்துக்கும் அரை மீட்டர் மேலே, தம் வீட்டிலேயே விருந்தினரைப் போல அமர்ந்திருக்கிறார்.

இதனால்தான் பல குடும்பங்கள் ஒரு பலகைக்கு அடியில் நான்கு சிறு சக்கரங்களைப் பொருத்தி, வீட்டுக்குள் உருண்டு செல்லும் சக்கரப் பலகையைத் தாமே செய்துகொள்கின்றன. தச்சர் அரை நாளில் செய்து தரக்கூடிய பொருள் இது. நாற்காலிக்கு இது மாற்று அன்று. வெளியே செல்ல நாற்காலியும், வீட்டுக்குள் தரைப் பணிக்குப் பலகையும் என்று இரண்டும் வேண்டும். ஆனால் இந்தப் பலகையைச் செய்யும்போது சக்கரத்தைப் பெரும்பாலும் கடைசியில்தான் நினைக்கிறோம். கடையில் எது கிடைத்ததோ, எது மலிவோ, அது பொருத்தப்படுகிறது. தோலில் உணர்வில்லாத ஒருவருக்கு அந்தத் தேர்வு மாதக்கணக்கில் படுக்கவைக்கும் புண்ணாக முடியக்கூடும். எனவே சக்கரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவோம்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. உடலின் நடுப்பகுதியை நிமிர்த்தி வைத்துக்கொள்ள இயலாதவர், கைகளில் போதிய வலு இல்லாதவர், கால்களில் கடும் இறுக்கமும் துடிப்பும் உள்ளவர், புட்டத்திலோ வால் எலும்புப் பகுதியிலோ இப்போதே புண் உள்ளவர் ஆகியோருக்குச் சக்கரப் பலகை ஏற்றதன்று. மற்றவர்களும் தம் இயன்முறை மருத்துவரிடமோ செயல்முறைச் சிகிச்சையாளரிடமோ காட்டி, தரையிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து கட்டிலுக்கும் மாறும் முறையைக் கற்ற பின்பே இதைப் பயன்படுத்த வேண்டும்.

மென்மையான ரப்பரும் உணர்வில்லாத தோலும்

உணர்வில்லாத தோலைக் காக்க மென்மையான ரப்பரைத் தேடிய வரலாறு காட்பாடிக்கு மிக அருகிலேயே நடந்தது. 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் தொழுநோயாளிகளின் கால்களை ஆராய்ந்தபோது, அக்கால்களில் தோன்றும் ஆறாத புண்களுக்கு நோயால் கெட்ட சதை காரணம் அன்று என்பதை உணர்ந்தனர். வலி தெரியாத காலில், நடக்கும்போது ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணை உண்டாக்கியது. வலி தெரிந்தவர் தம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார், சற்று நொண்டுகிறார், அல்லது அமர்ந்துவிடுகிறார். வலி தெரியாதவர் அதே இடத்தில் ஆயிரம் முறை ஊன்றுகிறார். இதற்கு விடையாக அவர்கள் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த எம்.சி.ஆர். என்னும் ரப்பர். காட்பாடிக்கு அருகில் உள்ள கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் இந்த ரப்பரும் அதில் செய்த காலணிகளும் உருவாக்கப்பட்டன. இன்றும் உணர்விழந்த பாதங்களுக்கு, நீரிழிவால் உணர்விழந்த பாதங்கள் உட்பட, எம்.சி.ஆர். காலணிகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

அதே காலத்தில் வேலூரில் பணிபுரிந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கமும் உணர்வும் இழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூர் பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு அவரே முன்னோடி. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உணர்விழந்த கையைச் சீர்செய்த அவரே தம் உடலின் பாதியில் உணர்விழந்தவராக இருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கையில், இந்தத் தோலின் இயல்பை அவரளவுக்கு இரு பக்கமிருந்தும் அறிந்தவர் அரிது என்று தோன்றுகிறது.

பாதத்துக்குச் சொன்ன அதே விதி புட்டத்துக்கும் பொருந்தும். அமர்ந்திருக்கும்போது உடலின் எடை பெரும்பாலும் இரண்டு இருக்கை எலும்புகளின் முனைகள் வழியாகக் கீழே இறங்குகிறது. எலும்புக்கும் பலகைக்கும் நடுவே உள்ள தோலும் சதையும் நசுங்கும். இரத்த ஓட்டம் தடைப்படும். அதன்மேல் கடினமான சக்கரம் ஒவ்வொரு தரை இணைப்பிலும் தரும் அதிர்வு சேர்ந்தால், உணர்வுள்ளவர் இரண்டு நிமிடத்தில் நெளிவார். உணர்வில்லாதவர் புன்னகையோடு அமர்ந்திருப்பார். மென்மையான சக்கரம் வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். காலணித் தொழில் நிறைந்த ஊர் என்பதால் எம்.சி.ஆர். துண்டும் ரப்பர்ச் செருப்பின் அடியும் இங்கு எளிதில் கிடைக்கும். குழந்தைகள் பழைய செருப்பை வட்டமாக வெட்டிக் குச்சியில் செருகி வண்டி ஓட்டுவதைப் பார்த்திருப்போம். அதே முறையில் பெரியவருக்கும் சக்கரம் செய்துவிடலாம் என்று சிலர் முயல்கின்றனர். அது நிலைக்காது. காற்றறை ரப்பர், பாதத்தின் அடியில் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. சக்கரத்தில் அது நசுங்கினால், ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி எழுவதற்கு ஆகும் உழைப்பு முழுவதும் கையின்மேல் விழும். சில நாள்களில் அச்சுத் துளை அகன்று சக்கரம் தள்ளாடும். காற்றறை ரப்பரின் இடம் உடலுக்கு அருகில். சக்கரத்துக்கு வேண்டியது காற்றறை இல்லாத, திண்ணிய, ஆனால் சற்றே விட்டுக்கொடுக்கும் ரப்பர்.

எவ்வளவு சிறியது?

சக்கரம் சிறியதாக இருந்தால் பலகை தாழ்வாக இருக்கும். தாழ்வாக இருந்தால் ஏறுவதும் இறங்குவதும் எளிது; கையால் தரையை எட்டித் தள்ளலாம்; கவிழும் வாய்ப்பும் குறையும். ஆகவே சிறிய சக்கரமே நல்லது என்று எண்ணத் தோன்றும். நிலைப்படிதான் இதற்குக் குறுக்கே நிற்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். அமர்பவரும் பலகையும் சேர்ந்து 66 கிலோ எடை என்று கொள்வோம். அதில் பாதி, அதாவது 33 கிலோ, முன் சக்கரங்கள் இரண்டின்மேல் இருக்கிறது. எதிரே 5 மி.மீ. உயரமுள்ள ஓர் ஓட்டு விளிம்பு. இரு முன் சக்கரங்களும் ஒன்றாக அதில் முட்டி நின்றபின் ஏற வேண்டுமானால், 50 மி.மீ. விட்டமுள்ள கடினச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 25 கிலோ அளவுக்கு முன்னோக்கித் தள்ள வேண்டும். 75 மி.மீ. சக்கரத்துக்கு அது 19 கிலோ, 100 மி.மீ. சக்கரத்துக்கு 16 கிலோ. விளிம்பு 15 மி.மீ. உயரமாக இருந்தால் 100 மி.மீ. சக்கரத்துக்கே 34 கிலோ தேவை. 50 மி.மீ. சக்கரத்துக்கோ 76 கிலோ. அமர்ந்திருப்பவரின் எடையைவிட அதிகம். படியின் உயரம் சக்கரத்தின் ஆரத்தை எட்டிவிட்டால், கிடையாக எவ்வளவு வலுவாகத் தள்ளினாலும் சக்கரம் ஏறாது.

வேகமாக வந்து மோதி ஏறிவிடலாம் என்று இளைஞர்கள் நினைப்பதுண்டு. சக்கரம் நின்றுவிடும், பலகை நின்றுவிடும், அமர்ந்திருப்பவர் நிற்கமாட்டார். முன்னால் வழுக்கிச் செல்லும்போது புட்டத்தின் தோல் பலகையோடு இழுபட்டு உரசும். நேராக அழுத்தும் விசையைவிட இவ்வாறு பக்கவாட்டில் இழுக்கும் விசை தோலுக்குப் பெரும் தீங்கு செய்யும்.

எனவே கடைக்குச் செல்லும் முன், அளவுகோலை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் செல்லுங்கள். ஒவ்வொரு கதவடியிலும் உள்ள நிலைப்படி, குளியலறையின் முன் உள்ள கட்டை, புதிய ஓடும் பழைய சிமெண்டுத் தரையும் சந்திக்கும் விளிம்பு, நீர் வெளியேறும் துளையின் மூடி என ஒவ்வொன்றின் உயரத்தையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள மிகப் பெரிய எண்ணே உங்களுக்குச் சக்கரத்தைத் தேர்ந்து தரும். விளிம்புகள் எல்லாம் 3 மி.மீ.க்குள் இருந்தால் 50 மி.மீ. சக்கரம் போதும். 5 முதல் 8 மி.மீ. வரை இருந்தால் 75 மி.மீ. வேண்டும். வழக்கமான வீடுகளுக்கு என் பரிந்துரை இதுவே. அதற்கு மேற்பட்ட விளிம்புகளுக்குச் சக்கரத்தைப் பெரிதாக்குவதைவிடச் சாய்வுக் கட்டை வைப்பது அறிவுடைமை. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் சாய்வில், 15 மி.மீ. உயரப் படிக்கு 180 மி.மீ. நீளமுள்ள மரச் சாய்வு போதும். அதைப் படியின் இரு புறமும் ஆணியடித்துவிடுங்கள். இறங்கும் பக்கத்தை மறந்துவிட வேண்டாம். மேற்பரப்பில் வழுக்காத ரப்பர்த் தாளை ஒட்டினால் நல்லது.

பழைய வீடுகளில் நிலைப்படி 50 மி.மீ. அல்லது அதற்கு மேலும் உயர்ந்திருக்கும். அதற்கு 600 மி.மீ. நீளச் சாய்வு வேண்டும். பல வீடுகளில் அதற்கு இடம் இல்லை. மஞ்சள் குங்குமம் இடும் தலைவாசல் படியை அறுக்க எவருக்கும் மனம் வராது. அதைக் கேட்கவும் வேண்டியதில்லை. பலகை வீட்டை விட்டு வெளியே போகப்போவதில்லை. உள்ளறைகளின் படியைத் தச்சரைக் கொண்டு அறுத்துச் சமன் செய்துவிடலாம். வாடகை வீடானால், கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று என இரண்டு பலகைகள் வைத்துக்கொண்டு, படியின்மேல் தடித்த மெத்தைத் துண்டை இட்டுக் கைகளால் உடலை நன்றாகத் தூக்கி மாறிக்கொள்ளலாம். இழுத்து நகரக் கூடாது. தூக்கித்தான் மாற வேண்டும்.

எவ்வளவு மென்மை?

காட்பாடி சந்திப்பின் நடைமேடையில் காத்திருக்கும்போது கண்ணை மூடிக் கேட்டால் சக்கரங்களின் வகை தெரிந்துவிடும். மலிவான பயணப் பெட்டிகளின் கடின நெகிழிச் சக்கரங்கள் தரையின் ஒவ்வொரு இணைப்பிலும் ‘டக் டக்’ என்று அதிரும். நல்ல ரப்பர்ச் சக்கரம் உள்ள வண்டி அருகில் வரும்வரை ஓசையே இராது. ஓசையாக நம் காதுக்கு வருவதுதான், அதே சக்கரத்தின்மேல் அமர்ந்திருப்பவரின் எலும்புக்கு அதிர்வாகச் செல்கிறது.

ரப்பரின் கடினத்தை ஷோர் என்னும் அளவால் குறிப்பர். ஊசி போன்ற முனை எவ்வளவு ஆழம் அழுந்துகிறது என்பதைக் கொண்டு அளப்பது அது. மென்மையான பொருள்களுக்கு உரிய ஷோர் ஏ அளவில், கால்களுக்கான எம்.சி.ஆர். ஏறத்தாழ 15. காரின் டயர் 60 முதல் 70 வரை. விளையாட்டுச் சறுக்குப் பலகைகளின் மென்மையான சக்கரம் 78. கடினமானது 99 அல்லது அதற்கு மேல். நைலான் சக்கரம் இந்த அளவுகோலையே தாண்டிவிடும். வீட்டுக்குள் ஓடும் சக்கரப் பலகைக்கு 65 முதல் 80 வரை ஏற்றது. இதைவிட மென்மையானால் எடையில் தட்டையாகி, தள்ளுவது கடினமாகும். இதைவிடக் கடினமானால் ஓட்டின் இணைப்புகள் அனைத்தும் உடலுக்கு வந்து சேரும்.

இந்த எண் எல்லாச் சக்கரங்களிலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. அப்போது கட்டைவிரல் நகமே கருவி. நகத்தை அழுந்த ஊன்றி எடுத்தால், மெல்லிய பள்ளம் விழுந்து உடனே மறைய வேண்டும். பள்ளமே விழாவிட்டால் அது வெறும் நெகிழி. பள்ளம் நெடுநேரம் நின்றால், இரவெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் பலகையின் சக்கரத்தில் காலையில் தட்டை விழுந்திருக்கும். சிலவற்றில் கடினமான நெகிழி வட்டத்தின்மேல் காகிதம் போல் மெல்லிய ரப்பர்ப் பூச்சு மட்டும் இருக்கும். பக்கவாட்டில் பார்த்து, ரப்பர் குறைந்தது 8 மி.மீ. தடிமன் உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தரைக்கேற்பவும் தேர்வு சற்று மாறும். பளபளப்பான ஓட்டுத் தரையிலும் சிவப்புக் காவித் தரையிலும் சாம்பல் நிறத் தெர்மோபிளாஸ்டிக் ரப்பர்ச் சக்கரம் நன்றாக ஓடும்; கறை படியாது. கறுப்பு ரப்பர் அதிர்வை நன்கு தாங்கும், ஆனால் வெளிர் நிறத் தரையில் கோடு இழுக்கும்; அதற்காக வீட்டில் எழும் முணுமுணுப்பும் ஒரு தொல்லைதான். கடப்பைக் கல் பாவிய தரையிலும் சொரசொரப்பான சிமெண்டுத் தரையிலும் தேய்மானம் அதிகம். அங்கே பாலியூரித்தேன் நெடுநாள் உழைக்கும். ஆனால் மலிவான பாலியூரித்தேன் ஈரத்தில் இற்று, சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். குளியலறை வரை செல்லும் பலகைக்கு அது வேண்டாம்.

நாம் சொல்லும் மென்மை, ஓட்டின் இணைப்பு, சிறு கல், சோற்றுப் பருக்கை ஆகியவற்றை மென்மையாகக் கடப்பதற்கு மட்டுமே உதவும். மென்மையான சக்கரம் இருக்கிறது என்பதற்காக இருக்கை மெத்தையைக் குறைத்துவிடக் கூடாது. அமர்ந்திருப்பதால் விழும் அழுத்தத்தைச் சக்கரத்தால் துளியும் குறைக்க இயலாது.

சுழல்வதும் சுழலாததும்

கடையில் ‘காஸ்டர் வீல்’ என்றோ ‘டிராலி வீல்’ என்றோ கேட்டால் கிடைக்கும். எப்பக்கமும் சுழல்வது ஒருவகை. நேராக மட்டும் ஓடுவது மற்றொன்று. நான்கும் சுழல்பவையாக இருந்தால் குறுகிய சமையலறையில் பக்கவாட்டிலும் நகரலாம். ஆனால் நம் தரைகளில் நீர் வடிவதற்காக வாட்டம் விட்டிருப்பர். நான்கும் சுழலும் பலகை அந்த வாட்டத்தின் பக்கமே நழுவிக்கொண்டிருக்கும். முன்னால் இரண்டு சுழல்பவை, பின்னால் இரண்டு நேர்ச் சக்கரங்கள் என்பது தொடக்கத்துக்குப் பாதுகாப்பானது. சுழலும் சக்கரம் உட்புறம் திரும்பும்போது பலகையின் தாங்குதளம் சுருங்கும் என்பதால், சக்கரங்களை இயன்றவரை மூலைகளுக்கு அருகில் பொருத்த வேண்டும்.

எடையைத் தாங்கும் திறனைக் கணக்கிடும்போது நான்கால் வகுக்காதீர்கள். எந்தத் தரையும் முற்றிலும் சமமன்று. எப்போதும் மூன்று சக்கரங்களே எடையைச் சுமக்கின்றன என்று கொள்ளுங்கள். 66 கிலோவுக்கு ஒரு சக்கரத்தின் பங்கு 22 கிலோ. உடலைத் தூக்கி அமரும் வேகத்தையும் சேர்த்து, ஒவ்வொன்றும் 40 கிலோ தாங்குவதாக வாங்குவது நல்லது. அகலம் 25 முதல் 32 மி.மீ. வரை இருக்கட்டும். இதைவிட மெல்லியது நீர்த்துளை மூடியின் இடுக்கில் சிக்கும். சுழலும் பகுதியிலும் அச்சிலும் பேரிங் உள்ளதா என்று பாருங்கள். சக்கரத்தைக் கையால் சுண்டினால் சில நொடிகளாவது ஓசையின்றிச் சுற்ற வேண்டும்.

நிறுத்தும் கட்டை உள்ள சக்கரங்கள் காலால் மிதித்துப் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அமர்ந்திருப்பவரின் கைக்கு அவை எட்டுவதில்லை. கயிற்றில் கட்டிய இரண்டு மர ஆப்புகளைப் பலகையின் பக்கத்தில் தொங்கவிடுங்கள்; ஏறும்போதும் இறங்கும்போதும் அவற்றைப் பின் சக்கரங்களுக்கு அடியில் செருகினால் பலகை நகராது. பலகையிலிருந்து விழுவது பெரும்பாலும் ஓடும்போது அன்று, ஏறி இறங்கும்போதுதான்.

பலகையும் மெத்தையும்

18 மி.மீ. தடிமனுள்ள, ஈரம் தாங்கும் பிளைவுட் போதும். முழங்காலுக்கு மேல் இரு கால்களும் நீக்கப்பட்டவருக்கு 45 செ.மீ. சதுரம் போதுமானது. கால்கள் இருந்தும் உணர்வற்றவருக்கு நீளம் கூட வேண்டும். குதிகால் வரை முழுக் காலும் பலகையின்மேல் இருக்க வேண்டும். தரையில் இழுபடும் குதிகாலின் தோல், உரிவது தெரியாமலே உரிந்துபோகும். விளிம்புகளைத் தேய்த்து உருட்டிவிடுங்கள். மேலே சிறு தடுப்பு விளிம்பு இருந்தால் கால் வழுக்கி விழாது. சக்கரத்தைத் திருகாணியால் பொருத்தாமல் போல்ட்டும் நட்டும் கொண்டு பொருத்தி, போல்ட்டின் தலை பலகையின் மேற்பரப்பில் துருத்தாதபடி குழித்துப் பதித்துவிடுங்கள்.

75 மி.மீ. சக்கரத்தின் முழு உயரம், தட்டுடன் சேர்த்து ஏறத்தாழ 100 மி.மீ. அதன்மேல் பலகையும் மெத்தையும் சேர்ந்தால், அமரும் இடம் தரையிலிருந்து 17 முதல் 19 செ.மீ. உயரத்தில் இருக்கும். கை தரையை எட்டாது. பிடியுடன் கூடிய மரக் கட்டைகள் இரண்டைச் செய்து, அவற்றின் அடியில் செருப்பு ரப்பரை ஒட்டிக்கொள்ளுங்கள். முன்பு சக்கரத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிய அதே ரப்பருக்கு இதுவே சரியான இடம். தரையை வழுக்காமல் பற்றும், மணிக்கட்டுக்கும் அதிர்ச்சி குறையும். விரல்கள் சக்கரத்தில் சிக்காமல் இருக்கவும் இக்கட்டைகள் உதவும்.

மெத்தையைப் பொறுத்தவரை, சிகிச்சையாளர் உங்களுக்கென்று பரிந்துரைத்த இருக்கை மெத்தை இருந்தால் அதையே பலகையிலும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் 8 முதல் 10 செ.மீ. வரை தடித்த, அடர்த்தியான ஃபோமும் அதற்குத் தளர்வான உறையும் வேண்டும். இழுத்துக் கட்டிய ரெக்ஸின் உறை ஃபோமின் பயனைக் கெடுத்துவிடும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தையோ வண்டி டியூபையோ போட்டு அமர்வது பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. வளையம் அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டு, நடுவில் உள்ள தோல் வாடும். அதைத் தவிர்த்துவிடுங்கள். எந்த மெத்தையானாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ, பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்தோ, ஒன்று இரண்டு நிமிடம் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும்.

சமையலறைக்குச் செல்வோருக்கு ஒரு சொல். தரையில் வைத்த அடுப்பும் இறக்கிவைத்த சோற்றுப் பானையும் உணர்வற்ற காலுக்கு அருகில் இருந்தால் தீக்காயம் நேர்வது தெரியாது. சூடான பாத்திரங்கள் எப்போதும் ஒரே பக்கத்தில், கை எட்டும் எல்லையின் கடைசியில் இருக்கட்டும். கால்கள் மறு பக்கம் இருக்கட்டும். கொதிக்கும் எதையும் மடியில் வைத்து உருண்டு செல்லக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் முற்றத்தில் நின்ற பலகையின் இரும்புப் பகுதிகளும் அவ்வாறே சுடும்.

வீட்டில் உள்ளவர் முதலில் அமரட்டும்

பலகை தயாரானதும், நோயாளர் அமரும் முன், ஏறக்குறைய அதே எடையுள்ள, உணர்வு முழுமையாக உள்ள ஒருவர் மெத்தை இல்லாமல் அதன்மேல் அமர்ந்து, கூடத்திலிருந்து சமையலறைக்கும் அங்கிருந்து குளியலறை வாசலுக்கும் உருண்டு சென்று வர வேண்டும். மனைவியோ தம்பியோ மகளோ யாராயினும் சரி. எங்கே தூக்கிப் போடுகிறது, எங்கே முட்டுகிறது, எந்த மூலையில் போல்ட்டின் தலை உறுத்துகிறது என்பதை அவருடைய உடல் சொல்லிவிடும். உணர்விழந்த தோலுக்கு வேறொருவரின் தோல் தூது செல்கிறது. அவருக்கு உறுத்திய இடங்களைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். அதே சுற்றை மறுபடி, இம்முறை மெத்தையுடன் செல்லுங்கள். இப்போதும் ஏதேனும் ஓரிடத்தில் ‘அப்பா!’ என்று குரல் எழுந்தால், பலகை இன்னும் தயாராகவில்லை.

முதல் வாரத்தில் நோயாளர் பலகையில் இருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். முதல் நாள் 15 நிமிடம் போதும். இறங்கியதும் கண்ணாடி கொண்டோ குடும்பத்தார் பார்த்தோ இருக்கை எலும்புப் பகுதி, வால் எலும்பு, குதிகால், கணுக்கால் ஆகியவற்றைச் சோதியுங்கள். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது; சுற்றிலும் உள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, தடித்தோ இருக்கிறதா என்று கையால் தொட்டும் பாருங்கள். அந்த நிறமாற்றம் அரை மணி நேரத்தில் மறைந்தால் மறுநாள் சற்று நேரம் கூட்டலாம். மறையாவிட்டால், அது முழுவதும் மறையும்வரை அவ்விடத்தின்மேல் அமரவே கூடாது. தோல் பிரிந்தோ கொப்புளம் கண்டோ இருந்தால் மருத்துவரிடம் வாருங்கள். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். வரும்போது பலகையையும் கொண்டுவந்தால், புண்ணுக்கும் பலகைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிவது எளிதாகும்.

சக்கரப் பலகைக்கு மாதம் ஒரு முறை பராமரிப்பு வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்து, போல்ட்டுகளை இறுக்கி, நான்கு சக்கரங்களையும் சுண்டிப் பாருங்கள். ஏதேனும் ஒன்று தயங்கினால் காரணம் பெரும்பாலும் அச்சில்தான் இருக்கும். தலைமுடி, பூ கட்டிய நார், காலணித் தையல் நடக்கும் வீடானால் நூல் ஆகியவை அச்சில் சுற்றிக்கொண்டு, நாளடைவில் கயிறு போல் இறுகி, சக்கரத்தைத் திடீரென நிறுத்திவிடும். தையல்காரரின் சிறு கத்தரியால் வெட்டி எடுத்து, அச்சில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். ரப்பரின்மேல் எண்ணெய் படக் கூடாது. ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நெகிழி எங்கேனும் தெரியத் தொடங்கினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் முன் இரண்டையும் சேர்த்தோ பின் இரண்டையும் சேர்த்தோ மாற்றுங்கள். உயரம் வேறுபட்ட இரு சக்கரங்களில் பலகை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். எடை முழுவதும் ஒரே எலும்பின்மேல் இறங்கும்.